நல்லேர் பூட்டுதல்: காவிரிக் கடைமடையில் மாட்டு உழவு விழாவும் அதைச் சார்ந்த கைவினைகளும்

நல்லேர் பூட்டுதல் என்பது சித்திரை மாதத் தொடக்கத்தில், புதிய வேளாண் ஆண்டின் முதல் உழவை மாடுகளைக் கொண்டு தொடங்கிவைக்கும் விழா ஆகும். காவிரி டெல்டாவில் நல்லேர் என்றும், தென்மாவட்டங்களில் பொன்னேர் என்றும் இது வழங்கப்படுகிறது. தை மாதத்து மாட்டுப் பொங்கல் உழைத்த மாட்டுக்கு நன்றி சொல்லும் நாள். சித்திரை மாதத்து நல்லேர் அதே மாட்டை மறுபடியும் நுகத்தில் பூட்டும் நாள். இந்த இரண்டு விழாக்களுக்கும் பின்னால் மாடு வளர்ப்பு, தச்சு, கொல்லு, கயிறு திரித்தல், நெட்டி வேலை, மட்பாண்டம் எனப் பல தொழில்கள் இருந்தன. டிராக்டர் வந்த பின் இவற்றில் பல குறைந்துவிட்டன. ஆகவே இவ்விழாக்களைக் காணச் செல்லும் மாணவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பழமையும்

ஏர் என்ற சொல் கலப்பையை மட்டும் குறிப்பதன்று. கலப்பை, நுகத்தடி, பூட்டுக் கயிறு, இரண்டு மாடுகள் ஆகிய எல்லாம் சேர்ந்த முழு அமைப்பே ஏர். அதனால்தான் "எத்தனை ஏர் உள்ள பண்ணை?" என்று கேட்டு ஒரு குடும்பத்தின் நிலவளத்தை அளந்தார்கள்.

முதல் உழவை மங்கல நிகழ்வாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை, காவிரிக் கரை வழியே செல்வோர் கேட்கும் பலவகை ஒலிகளில் ஒன்றாக ஏர்மங்கலப் பாட்டைக் குறிப்பிடுகிறது. அக்காப்பியத்தின் தொடக்கக் களமான பூம்புகார், காரைக்காலுக்கு வடக்கே இதே கடற்கரையில்தான் உள்ளது. திருக்குறளில் உழவு 104ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது, ஏரின் உறுப்புகளையும் உழவுச் செயல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போற்றும் நூலாகும்.

இடம்: பூவமும் காரைக்கால் பகுதியும்

பூவம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம் தொடங்கிவிடும். காரைக்கால் மாவட்டத்தின் நிலப்பகுதி முழுவதும் தமிழ்நாட்டு மாவட்டங்களாலும் கடலாலும் சூழப்பட்டது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது.

ஆட்சி வேறாக இருந்தபோதும் மண்ணும் நீரும் ஒன்றே. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு, நண்டலாறு முதலிய காவிரியின் கிளைகள் இங்கே கடலைச் சேர்கின்றன. டெல்டாவில் நீர் கடைசியாக வந்து சேரும் இடத்தைக் கடைமடை என்பர். காரைக்கால் அத்தகைய கடைமடைப் பகுதி. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த தீர்ப்பிலும், உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பிலும் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது காரைக்காலின் வயல்களுக்காகவே.

கடைமடை உழவுக்கு இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, தண்ணீர் தாமதமாக வருவது. இரண்டாவது, கடல் அருகில் இருப்பதால் கோடையில் மண்ணில் உப்பு மேலெழுவது. சித்திரை உழவின் பயனைப் புரிந்துகொள்ள இவ்விரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சித்திரையில் உழவு ஏன்?

டெல்டாவில் சம்பா, தாளடி நெல் தை, மாசி மாதங்களில் அறுவடையாகும். அறுவடைக்குச் சற்று முன்பே ஈர வயலில் உளுந்து, பச்சைப்பயறு தெளிப்பதும் உண்டு. அப்பயறு பங்குனியில் எடுக்கப்படும். சித்திரை பிறக்கும்போது வயல் வெறுமையாக இருக்கும். களிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்.

இந்த நிலையில் கோடை மழை ஒன்று பெய்ததும் உழுவது கோடை உழவு. அதன் பயன்கள் பின்வருமாறு:

1. மண்ணின் நுண்துளைகள் வழியே அடிநீர் மேலே ஏறி ஆவியாகும்போது, அதிலுள்ள உப்பு மேற்பரப்பில் தங்கிவிடும். மேல் மண்ணை உழுது உடைத்துவிட்டால் இந்த நுண்துளைத் தொடர் அறுபடும். உப்பு மேலெழுவது குறையும்.
2. அடுத்த மழை வெடிப்புகளில் ஓடி வீணாகாமல் புழுதியில் பரவி இறங்கும். அது மேல் மண்ணின் உப்பையும் கழுவிக் கீழே கொண்டுசெல்லும்.
3. களைகளின் வேரும் கிழங்கும் வெளிப்பட்டு வெயிலில் காயும். மண்ணுக்குள் இருக்கும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து பறவைகளுக்கு இரையாகும்.
4. நெல்லின் தாளும் பயற்றின் வேரும் மண்ணோடு கலந்து மட்கும்.

ஒரு பலம் புழுதி கால் பலமாகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் விளையும் என்பது வள்ளுவர் கருத்து. அடுத்த குறளில், ஏர் உழுவதைவிட எரு இடுவது நல்லது என்றும், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது என்றும் அவர் சொல்கிறார். உழவே எல்லாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆக, நல்லேர் வெறும் சடங்கன்று. கோடை மழைக்கு முன்பே கலப்பையைப் பழுது பார்த்து, மாட்டை வேலைக்குப் பழக்கி, ஆள் அம்பைத் திரட்டி ஆயத்தமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை ஊருக்கு நினைவூட்டும் நாள் அது.

விழா நடைபெறும் முறை

ஊருக்கு ஊர் முறை சற்று மாறினாலும் பொதுவான அமைப்பு ஒன்றே. சித்திரை முதல் நாளிலோ, அதையொட்டிப் பார்த்த நல்ல நாளிலோ விடியற்காலையில் மாடுகளைக் குளிப்பாட்டுவார்கள். நெற்றிக்கும் திமிலுக்கும் மஞ்சள் குங்குமம் இடுவார்கள். கலப்பை, நுகத்தடி, மண்வெட்டி ஆகியவற்றைக் கழுவிப் பொட்டிடுவார்கள். கோயில் நிலத்திலோ ஊர்ப் பொதுவில் தெரிந்தெடுத்த வயலிலோ பல ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சூரியனை வணங்கி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி முதல் சால் உழுவார்கள். உழுத சாலில் நெல்லையோ நவதானியத்தையோ தூவுவார்கள். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசியை அனைவருக்கும் கொடுப்பார்கள்.

மாடு கிடைக்காத ஊர்களில் இப்போது டிராக்டருக்கே மாலையிட்டு நல்லேர் பூட்டுகிறார்கள். சில இடங்களில் மாட்டு ஏர் முதல் சாலை உழ, மீதி நிலத்தை டிராக்டர் உழுகிறது.

மாட்டுப் பொங்கலன்று நடப்பது வேறு வகை. அன்று மாட்டுக்கு வேலை இல்லை. தொழுவத்தைக் கூட்டி மெழுகிக் கோலமிட்டு, மாடுகளுக்கு மாலை அணிவித்து, பொங்கல் ஊட்டுவார்கள். மாவிலையால் மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டு, "பொங்கலோ பொங்கல்" என்று கூவித் தொழுவத்தைச் சுற்றிவருவார்கள். திருஷ்டி கழித்து, வாசலில் குறுக்கே கிடத்திய உலக்கையை மாடுகள் தாண்டிச் செல்லும்படி ஓட்டும் வழக்கமும் உண்டு.

மறுநாள் காணும் பொங்கலன்று, பூவத்திலிருந்து அதே கடற்கரைச் சாலையில் வடக்கே உள்ள திருக்கடையூரில் மாட்டுவண்டி, குதிரை வண்டி எல்லைப் பந்தயம் நடைபெறுவது இப்பகுதியில் பெயர் பெற்றது. உழவு மாட்டைக் காணும் விழாவும் பந்தய மாட்டைக் காணும் விழாவும் ஒன்றல்ல. உழவுக்கு வேண்டியது நிதானமும் பொறுமையும்; பந்தயத்துக்கு வேண்டியது வேகம். ஒன்றுக்குப் பழக்கிய மாடு மற்றதற்கு எளிதில் பொருந்தாது.

டெல்டாவின் உழவு மாடு: உம்பளாச்சேரி

நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள உம்பளாச்சேரி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் மாட்டினம், காவிரி டெல்டாவின் சொந்த உழவு மாடு. தஞ்சாவூர் மாடு, தெற்கத்தி மாடு, சாதி மாடு, மொட்டை மாடு என்பன இதன் பிற பெயர்கள்.

இதன் கன்று பிறக்கும்போது சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஆறு மாத அளவில் நிறம் மாறத் தொடங்கிச் சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களின் கீழ்ப்பகுதியில் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை ஆகியவை இதன் அடையாளங்கள். நடுத்தர உடலும் குட்டையான, உறுதியான கால்களும் கொண்டது. சேற்றில் அதிகம் ஆழாமலும் தடுமாறாமலும் நடப்பதே இதன் சிறப்பு. கொங்கு நாட்டின் காங்கேயம் காளை உருவில் பெரியது. பாரம் இழுக்கப் பேர்பெற்றது. டெல்டாவின் தொளிச் சேற்றுக்கோ உம்பளாச்சேரியே பொருத்தமானது.

மொட்டை மாடு என்ற பெயர், எருதுகளின் கொம்பை இளமையிலேயே தீய்த்து அகற்றும் பழைய வழக்கத்தால் வந்தது. காதைக் கீறி அடையாளமிடும் வழக்கமும் இருந்தது. இவை மாட்டுக்கு வலி தரும் செயல்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மரபு என்ற சொல்லுக்குள் போற்றத்தக்கதும் உண்டு, கைவிடத்தக்கதும் உண்டு.

உம்பளாச்சேரிப் பசுவின் பால் அளவு குறைவு. இங்கேதான் இந்த இனத்தின் சிக்கல் இருக்கிறது. உழவுக்காகவே பல தலைமுறை தெரிந்தெடுக்கப்பட்ட இனம் இது. உழவு இல்லையென்றால் பாலுக்காக மட்டும் இதை வைத்துக்கொள்ள ஒரு சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. கலப்பினப் பசுவை நாடுவது அவர் நோக்கில் சரியே. திருவாரூர் மாவட்டம் கொருக்கையிலுள்ள அரசு கால்நடைப் பண்ணை இந்த இனத்தைப் பேணி வருகிறது. ஆனால் பண்ணையில் காக்கக்கூடியது இனத்தை மட்டுமே. நுகம் பூட்டிப் பழக்கும் அறிவு வயலில்தான் காக்கப்படும்.

ஏரின் உறுப்புகளும் வேலை செய்யும் விதமும்

விழாவில் நிறுத்தியிருக்கும் நாட்டுக் கலப்பையை அருகில் சென்று பார்த்தால் கீழ்க்கண்ட உறுப்புகளை அடையாளம் காணலாம்:

கலப்பை: நிலத்தில் ஊன்றி நகரும் வளைந்த மர உடல். கருவேல மரம் போன்ற கடினமான மரத்தில் செய்யப்படும்.
கொழு: கலப்பையின் நுனியில் பொருத்தும் இரும்பு முனை. மண்ணைக் கீறுவது இதுவே. தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்துத் தட்டிக் கூராக்குவார்கள்.
மேழி: உழுபவர் பிடிக்கும் கைப்பிடி.
ஏர்க்கால்: கலப்பையையும் நுகத்தடியையும் இணைக்கும் நீண்ட மரம்.
நுகத்தடி: இரு மாடுகளின் கழுத்தின் மேல், திமிலுக்கு முன்னால் படியும் குறுக்கு மரம்.
பூட்டாங்கயிறு: மாட்டின் கழுத்தை நுகத்தோடு இணைக்கும் கயிறு.
பரம்பு: உழுத சேற்றைச் சமன்படுத்த மாடு இழுக்கும் பலகை.

நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டாது. ஆங்கில எழுத்து 'வி' போன்ற வடிவில் சால் விழும். இரண்டு சால்களுக்கு நடுவில் உழாத வரப்பு போன்ற மண் நிற்கும். ஆகவே முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்குவாக்கிலும் உழ வேண்டும். பல சால் ஓட்டுதல் என்று சொல்வது இதைத்தான்.

இதற்கான உழைப்பை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4047 சதுர மீட்டர். ஒரு சால் 20 செ.மீ. அகலம் என்று கொள்வோம். 4047ஐ 0.20ஆல் வகுத்தால் 20,235 மீட்டர் வரும். அதாவது ஒரு ஏக்கரை ஒரே ஒரு முறை உழுவதற்கு மாடும் மனிதரும் 20 கி.மீ.க்குச் சற்று மேல் நடக்க வேண்டும். அதுவும் கால் புதையும் சேற்றில். மூன்று சால் ஓட்டினால் 60 கி.மீ. இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்த்த மாணவர், விழாவில் பத்து நிமிடம் ஓடும் ஏரை வேறு கண்ணோடு பார்ப்பார்.

நெல்லுக்கான சேற்றுழவு தனிக் கலை. தண்ணீர் நிறுத்திய வயலை மீண்டும் மீண்டும் உழும்போது களிமண் துகள்கள் கரைந்து, கீழே ஓர் இறுகிய அடுக்கு உருவாகும். இதனால் தண்ணீர் கீழே இறங்கி வீணாவது குறையும். நீர் தாமதமாகவும் அளவோடும் வரும் கடைமடையில் இது மிக முக்கியம். கனமான டிராக்டரை ஆழச் சேறான வயலில் இறக்கினால் சக்கரம் புதைந்துபோகும் இடங்களில், மாடும் எருமையும் நெடுங்காலம் தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஏரைச் சுற்றிய கைவினைகள்

ஒரு ஏர் ஓடுவதற்குக் குறைந்தது அரை டஜன் கைத்தொழிலாளர்கள் பின்னால் இருந்தார்கள்.

தச்சர்: கலப்பைக்கு ஏற்ற இயற்கை வளைவுள்ள மரத்தை நின்ற நிலையிலேயே தெரிந்தெடுப்பார். வளைவு இயற்கையாக இருந்தால் மரத்தின் நார் அறுபடாது. கலப்பை எளிதில் பிளக்காது. கொழு மண்ணில் இறங்கும் கோணத்தைத் தீர்மானிப்பதும் அவரே. கோணம் தவறினால் மாட்டுக்கு இழுவை கூடும்.

வண்டித் தச்சர்: மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து ஆரக்கால்கள் கிளம்பி, வளைந்த வட்டைத் துண்டுகளில் சேரும். சக்கரம் கழலாமல் அச்சின் முனையில் செருகுவது கடையாணி.

கொல்லர்: மரச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிய சுற்றளவில் இரும்புப் பட்டாவைச் செய்து, வட்டமாக மூட்டிய நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டில் இரும்பு விரிந்ததும் சக்கரத்தின் மேல் இறக்கி உடனே தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி ஆரக்கால்களையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். வெப்பத்தால் உலோகம் விரிவடைதல் என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது.

லாடம் அடிப்பவர்: குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, மாட்டுக்குப் பிளந்த குளம்பு. எனவே மாட்டின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு துண்டு லாடம் வேண்டும். நான்கு கால்களுக்கும் எட்டுத் துண்டுகள். சாலையில் வண்டி இழுக்கும் மாட்டுக்கு லாடம் கட்டாயம் தேவை. சேற்றில் மட்டும் உழும் மாட்டுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை.

கயிறு திரிப்பவர்: மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, பூட்டாங்கயிறு என ஒவ்வொன்றுக்கும் பருமனும் முறுக்கும் வேறு. மூக்கில் செல்லும் கயிறு மென்மையாக இருக்க வேண்டும். நுகத்துக் கயிறு வலுவாக இருக்க வேண்டும்.

நெட்டி வேலைக்காரர்: டெல்டாவின் குளங்களிலும் நீர்நிலைகளிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டை வெட்டிக் காயவைத்து, உள்ளிருக்கும் வெண்மையான பஞ்சு போன்ற பகுதியைச் சீவிச் சாயமிட்டு மாலையாகக் கோப்பார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் நெட்டி மாலை இதுதான். இதே நெட்டியில் கோயில் கோபுரம் போன்ற நுண்ணிய உருவங்களைச் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருவங்களுக்குக் கிடைத்த மதிப்பு மாலைக்குக் கிடைக்கவில்லை. கடைகளில் பிளாஸ்டிக் மாலை வந்துவிட்டது. நெட்டி மாலையை மாடு தின்றாலும் தீங்கு குறைவு. பிளாஸ்டிக் மாட்டின் வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

குயவர்: பொங்கல் பானை, அடுப்பு, மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தாழி ஆகியவற்றைச் செய்வார்.

பாய், பிரம்பு வேலை செய்பவர்: மயிலாடுதுறை மாவட்டம் கொள்ளிடம் அருகிலுள்ள தைக்கால், கோரைப்பாய்க்கும் பிரம்புப் பொருள்களுக்கும் பெயர் பெற்ற ஊர். காரைக்காலிலிருந்து வடக்கே செல்வோர் சாலையோரக் கடைகளிலேயே இவ்வேலையைக் காணலாம்.

ஏரைப் பிடித்த கை யாருடையது?

மாட்டு உழவைப் பொற்காலமாக மட்டும் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. காவிரி டெல்டாவில் நிலம் பெரும்பாலும் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. ஏரைப் பிடித்து உழுதவர்கள் பண்ணையாள்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஏரும் மாடும் பண்ணையாருடையது. உழைப்பு மட்டுமே அவர்களுடையது. விடியுமுன் தொடங்கும் வேலைக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. கடன் தலைமுறையாகத் தொடர்ந்தது.

நீண்ட விவசாயத் தொழிலாளர் போராட்டங்களுக்குப் பின், 1952இல் சென்னை மாநில அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கெனக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் நண்டலாற்றுக்கு இக்கரையில் இச்சட்டம் செல்லவில்லை. ஓர் ஆற்றின் இரு கரைகளில் ஒரே மாதிரி மாடு, ஒரே மாதிரி கலப்பை, ஆனால் உழுதவருக்கு வேறு வேறு சட்டம் என்ற நிலை இருந்தது.

ஆகவே இன்று மாட்டு உழவு விழாவில் மேழியைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்பவர், அந்த மேழி பலருக்கு விருப்பத்தால் வந்ததல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கலப்பை ஓட்டும் நுட்பம், மாட்டின் குணமறியும் அறிவு ஆகியவை அந்த உழைப்பாளிகள் வளர்த்த கலைகள். விழா மேடையில் முதலில் மதிக்கப்பட வேண்டியவர்களும் அவர்களின் வழிவந்தவர்களே.

மாட்டு உழவு ஏன் குறைந்தது?

காரணம் ஒன்றல்ல, பல ஒன்றோடொன்று பின்னியவை. மேட்டூர் அணை 1934இல் நிறைவடைந்தபின் குறுவை, தாளடி என இருபோகச் சாகுபடி விரிந்தது. 1960களில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் வகைகள் பரவின. குறுவையை அறுத்த உடனே தாளடியை நட வேண்டியிருந்ததால் உழவுக்குக் கிடைத்த இடைவெளி சில நாள்களாகச் சுருங்கியது. நாளொன்றுக்கு அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை உழும் ஏரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மேலும், டிராக்டர் ஓடும் நாளில் மட்டும் எண்ணெய் குடிக்கும். மாடு வேலை இல்லாத நாளிலும் தின்னும். மேய்ச்சல் நிலமும் குறைந்தது. கையால் அறுத்துக் கட்டடித்த காலத்தில் வைக்கோல் முழுமையாகக் கிடைத்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வயலிலேயே சிதறுகிறது. தீவனம் விலைகொடுத்து வாங்கும் பொருளானது. மாடு குறையவே எருவும் குறைந்தது. எரு குறையவே உரச் செலவு கூடியது.

இந்நிலையில் எல்லாரும் மறுபடியும் மாட்டு உழவுக்குத் திரும்ப வேண்டும் என்பது நடவாத பேச்சு. ஆனால் டிராக்டர் நுழையாத சிறு வயல், தோட்டக்கால், பயிரிடையே களையெடுக்கும் வேலை, பரம்படித்தல், குறுந்தூரப் பாரம் போன்றவற்றில் மாட்டுக்கு இன்றும் இடம் உண்டு. இனத்தைக் காப்பாற்றும் உறுதியான வழி, அதற்குச் செய்யத்தக்க வேலையைக் கண்டுபிடிப்பதே.

விதைத் துறையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உள்ளது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதை 2 கிலோ பெற்றுச் சென்ற விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் முறை இருந்தது. அவர் 2018இல் மறைந்தார். அத்திருவிழாவுக்கு வந்தவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாமல் ஒரு பொறுப்போடு திரும்பியதே அதன் வெற்றி.

பிற நாடுகளில்

தாய்லாந்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பாங்காக் நகரின் சனாம் லுவாங் திடலில் அரச உழவுச் சடங்கு நடைபெறுகிறது. இடையில் நின்றுபோயிருந்த இதை மன்னர் பூமிபால் 1960இல் மீண்டும் தொடங்கிவைத்தார். புனித எருதுகளின் முன் நெல், சோளம், பயறு, எள், புல், நீர், மது ஆகிய ஏழும் வைக்கப்படும். அவை எதைத் தின்கின்றன என்பதைக் கொண்டு அவ்வாண்டின் விளைச்சலைக் கணித்துச் சொல்வர். தூவிய நெல்மணிகளை மக்கள் போட்டியிட்டுப் பொறுக்கித் தம் விதையோடு கலப்பர். கம்போடியாவிலும் இத்தகைய சடங்கு உண்டு.

அயர்லாந்தில் 1931இல் இரு மாவட்ட உழவர்களுக்கிடையே குதிரைக் கலப்பைப் போட்டியாகத் தொடங்கிய தேசிய உழவுப் போட்டி, இன்று பெரும் வேளாண் கண்காட்சியாக வளர்ந்துள்ளது. டிராக்டர் போட்டிகளோடு குதிரை உழவுப் பிரிவும் தொடர்கிறது. சாலின் நேர்மை, ஆழம், சீர்மை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுவதால், அங்கே உழவு அளந்து மதிப்பிடும் ஒரு திறமையாகக் கருதப்படுகிறது. நம் நல்லேர் விழாக்களிலும் நேர்சால் ஓட்டும் போட்டி வைக்கலாம். அதற்கு வேகம் தேவையில்லை. ஆகவே மாடும் துன்புறாது.

பார்வையிடச் செல்லும் மாணவர்களுக்கு

நல்லேரைக் காண ஏப்ரல் 14 அளவிலும், மாட்டுப் பொங்கலைக் காண ஜனவரி நடுவிலும் செல்ல வேண்டும். காரைக்காலில் பொங்கலையொட்டி நடத்தப்படும் மலர், காய், கனிக் கண்காட்சியையும் சேர்த்துப் பார்க்கலாம். 1987இல் தொடங்கப்பட்ட பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியும் காரைக்காலில் உள்ளது. மண், உப்பு, நெல் பற்றிய ஐயங்களைக் கேட்கத் தக்க இடம் அது.

விழாவில் கவனிக்க வேண்டியவை:

1. மாட்டின் கழுத்து: நுகத்தடி படும் இடத்தில் புண்ணோ வீக்கமோ உள்ளதா? நன்கு இழைத்த நுகத்தடி கழுத்தை அறுக்காது. அங்கே தெரிவது தச்சரின் வேலைத்திறமும் உரிமையாளரின் அக்கறையும்.
2. வலத்தை, இடத்தை: ஒவ்வொரு மாடும் ஒரு பக்கத்துக்கே பழக்கப்பட்டிருக்கும். உழவர் எந்த மாட்டை எந்தப் பக்கம் பூட்டுகிறார், ஏன் என்று கேட்கலாம்.
3. குரல்: கோலைவிடக் குரலால் ஓட்டுபவரே தேர்ந்த உழவர். திருப்பவும் நிறுத்தவும் அவர் எழுப்பும் ஒலிகளைக் குறித்துக்கொள்ளலாம்.
4. வேலை நேரம்: பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலை வாங்கக் கூடாது. முள் வைத்த தார்க்குச்சிக்கும் தடை உண்டு. சித்திரை வெயிலில் நடக்கும் விழாவுக்கு இது மிகவும் பொருந்தும்.
5. மாட்டுக்குக் கொடுக்கும் உணவு: பார்வையாளர்கள் பொங்கலையும் வாழைப்பழத்தையும் அளவின்றி ஊட்டுவது வழக்கம். மாவுப் பொருளை ஒரேயடியாகத் தின்றால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி உப்புசம் உண்டாகும். ஒரு பிடி போதும்.

மிக முக்கியமான வேலை சொல் திரட்டுவது. கலப்பை, நுகம், வண்டி, கயிறு ஆகியவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். மேலே தரப்பட்ட பெயர்கள் பொதுவானவை. பூவத்தில் ஒரு பெயர் வழங்கலாம், நெடுங்காட்டில் வேறு பெயர் வழங்கலாம். ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாம்; அதைச் செய்தவரும் பயன்படுத்தியவரும் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதாவிட்டால் அவை அவர்களோடு போய்விடும். எழுபது, எண்பது வயதுள்ள உழவர்கள், தச்சர்கள், கொல்லர்களிடம் மாணவர்கள் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டி, அதன் பெயரையும் பயனையும் கேட்டு, சொன்னவரின் ஊரோடும் நாளோடும் பதிவு செய்யலாம். இருபது பேர் உள்ள ஒரு வகுப்பு ஒரே விழா நாளில் ஒரு சிறு வட்டாரச் சொல்லகராதிக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டிவிட முடியும்.